பொட்டு வச்ச பானா

எங்கம்மா தினமும் சாயங்காலம் இங்கிலீசு பேசுவாள். சொன்னால் எங்கள் ஊர் போடியில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீசில் ஒரு எழுத்து எழுதத் தெரியாது. ஆனால் விளக்கேற்றி முடித்ததும் புடைக்கிற சொளகை மடியில் போட்டுக்கொண்டு, ஏலக்காயைப் பச்சை வேறு வெளுத்தது வேறாகப் பிரித்துக்கொண்டே, "ஒன்ஸ் அப்பான் எ டைம்" என்று ஆரம்பித்தாளானால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் வாசலிலேயே நின்று, "என்ன மதினி, அண்ணே மலைக்கு ஏறுனதும் மந்திரம் ஓத ஆரம்பிச்சிட்டீகளா?" என்று கேட்டேவிட்டாள்.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எனக்காகத்தான் அந்தக் கூத்து.

ஐம்பதுகளின் நடுவில், உலகச் சண்டைக் காலத்தில் நின்றுபோன மதுரை ரயில் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். இங்கிலீசில் எனக்கு நல்ல மார்க்கு. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். காதால் கேட்டதுதான் கிடையாது. எங்கள் இங்கிலீசு வாத்தியார் இங்கிலீசைத் தமிழில்தான் நடத்துவார். "இந்த எடத்துல அந்த ராசா என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினால் மணி அடிக்கிறவரை தமிழ்தான். பாவம், நல்ல மனுசர்.

எனக்கு மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர ஆசை. அங்கே மார்க்கு மட்டும் போதாது என்று சொன்னார்கள். கல்லூரித் தலைவியம்மா நம்மை எதிரே உட்காரவைத்து இங்கிலீசில் ஒரு பத்தியை வாசிப்பாராம். நம் கையில் தாள் கிடையாது. காதால் கேட்டுவிட்டு, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் இங்கிலீசிலேயே பதில் சொல்ல வேண்டும். முந்தின வருசம் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி அங்கே போய்ச் சேர்ந்து, வகுப்பில் பேசுவது ஒன்றுமே விளங்காமல் அழுது அழுது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். அந்த மாதிரி இன்னொரு பிள்ளை சீரழியக் கூடாது என்றுதான் அந்தச் சோதனையாம்.

எங்கள் குடும்பத்தில் எல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஒரு தடவ போயிட்டு வரட்டும். எடம் கெடச்சா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. கெடைக்கலேன்னா ஆவணியில கல்யாணம். தேவாரத்துல மாப்ளே ரெடியா இருக்கான்." தேவாரம் பக்கத்து ஊர்தான், மாப்பிள்ளையும் ஒன்றும் மோசமில்லை. நிலம், கிணறு, யானை வந்து மிதித்தாலும் மறுபடி வளர்கிற கரும்பு, எல்லாம் இருந்தது. ஆனால் எனக்குப் படிக்கணும். ஏன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டவர்களிடம் வள்ளென்று விழுந்தேன். எனக்குக் கோபம் அந்த வயசிலேயே மூக்கு நுனியில் இருக்கும், இப்போதும் இறங்கிவிடவில்லை.

அப்பா அப்போது போடிமெட்டு மலைக்கு அந்தப்பக்கம் பெரியப்பாவின் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார், திங்கள் காலையில் ஏறிவிடுவார். பேச்சு குறைவு. நான் விசயத்தைச் சொன்னபோது, "பாப்போம் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னத்தைப் பார்ப்பது? மலையில் ஏலக்காயும் அட்டையும்தான் இருக்கிறது, இங்கிலீசா காய்க்கிறது?

காய்க்கத்தான் செய்தது. அந்த வாரம் ஜீப்பு டிரைவர் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பிரித்தால் முழுக்க அப்பாவின் கையெழுத்து. தமிழ் எழுத்துதான், ஆனால் தமிழ் இல்லை. "தி ஃபாக்ஸ் வாஸ் வெரி ஹங்க்ரி." கப்பென்று ஏலக்காய் வாசம் வேறு. பக்கத்துத் தோட்டத்து மானேசர் ஒரு மலையாளத்துக்காரர். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. சாயங்காலம் அவரோடு சாயா குடிக்கிற நேரத்தில், அவரை இங்கிலீசுப் பத்திரிகையும் பழைய பாடப்புத்தகமும் வாசிக்கச் சொல்லி, காதில் விழுந்ததை விழுந்தபடியே அப்பா தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். அடியில் கேள்விகளும் இருந்தன.

மேலே அம்மாவுக்கு ஒரு குறிப்பு. "அவள் கண்ணில் காட்டாதே. நீ வாசி. அவள் காதால் கேட்கட்டும். கோடு போட்ட இடத்தில் மூச்சு விடு."

அம்மா ஆடிப்போய்விட்டாள். சனிக்கிழமை அப்பா வந்து செருப்பைக் கழற்றுமுன் பிடித்துக்கொண்டாள். "எனக்கென்னங்க தெரியும் இங்கிலீசு? புள்ளயோட படிப்புல வெளயாடாதீக."

"ஒனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்ல?"

"தெரியும்."

"அது தமிழ் எழுத்துதான? பொறகென்ன, வாசி" என்றார் அப்பா. அதற்கு மேல் அந்த வாயிலிருந்து வார்த்தை வராது என்று அம்மாவுக்குத் தெரியும்.

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் பாடம். அம்மா காகிதத்தை எனக்குக் காட்டவே மாட்டாள். வாசித்து முடித்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தால் சொளகால் ஒரு தட்டு விழும். "ஒங்கப்பா சொல்லியிருக்காக, காதுதான் வேல செய்யணும்னு. தள்ளி ஒக்காரு."

வாசிப்பாள் பாருங்கள், அடேயப்பா! நீளமான வாக்கியம் வந்தால் தாலாட்டு மாதிரி இழுப்பாள். கேள்விக்குறி வந்தால் கீரைக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி கடைசியில் குரலை ஏற்றுவாள். அந்த மானேசர் கல்லூரியைக் கோளேஜ் என்பார். அப்பா அதை அப்படியே எழுதுவார். அம்மா கோளேசு என்று வாசிப்பாள். மலையாளத்தில் ஏறி, தமிழில் இறங்கி, போடிக்கு வந்து சேரும்போது அந்த இங்கிலீசைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதிலிருந்துதான் நான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் அம்மா, "எ பிக் பிக்" என்று வாசித்தாள்.

"என்னம்மா?"

"எ பிக் பிக்."

பெரியது என்கிறதா, பன்றியா, பொறுக்கு என்கிறதா? எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே 'பி', ஒரே 'க்'. நான் மாற்றி மாற்றிக் கேட்க, அவள் மாறாமல் அதையே சொல்ல, கடைசியில் கத்திவிட்டேன். "ஒழுங்கா வாசிம்மா!"

"எழுதியிருக்கிறதத்தானடி வாசிக்கிறேன். கோவத்த எழுதுன மனுசன்கிட்டக் காட்டு!" என்று அம்மாவும் கத்தினாள். அன்றைக்கு ஏலக்காய் பச்சையும் வெளுத்ததும் கலந்துபோய் மறுபடியும் பிரிக்க வேண்டியதாயிற்று.

அப்பா வந்ததும் வழக்கு அவரிடம் போனது. அவர் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டார், சிரிக்கவில்லை. அடுத்த பொட்டலத்தில் சில எழுத்துகளுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. புள்ளி இருந்தால் அழுத்தாமல், வயிற்றிலிருந்து சொல்ல வேண்டும் என்று மேலே எழுதியிருந்தார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. புள்ளி வைத்த 'ப'வுக்கும் 'க'வுக்கும் 'பொட்டு வச்ச பானா', 'பொட்டு வச்ச கானா' என்று பேர் வைத்துவிட்டாள். நான் திணறுகிற இடத்தில், "இது பொட்டு வச்ச பானாடி, சீவிச் சிங்காரிச்சவ. அது பொட்டில்லாதது, இப்பத்தான் மூஞ்சி கழுவுனவ" என்று துப்புக் கொடுப்பாள். எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அதற்குச் சிரித்துவிடுவேன்.

புள்ளி போட்டும் திருந்தாதது ஒன்று இருந்தது. 'ஸ்' என்று ஆரம்பிக்கிற சொல் எதுவும் அம்மாவுக்கு வெறுமனே வராது. முன்னால் ஒரு 'இ' வந்து ஒட்டிக்கொள்ளும். இஸ்கூலு, இஸ்டேசன். அப்பா காய் உலர்த்துகிற கட்டடம் இஸ்டோரு, அவர் இருக்கிற மலை இஸ்டேட்டு. ஊரே அப்படித்தான் சொல்லும், நானும்தான். அதில் திருத்த எதுவும் இருப்பதாக எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது அம்மாவுக்குச் சில சொற்கள் சொந்தமாகிவிட்டன. அதில் ஒன்று 'நெவர்தெலெஸ்'. எந்தப் பத்தியில் வந்ததோ, அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு அப்படி ஒரு மோகம். அப்பளம் கருகினால், நெவர்தெலெஸ்! பால்காரர் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தால் அவர் முகத்துக்கு நேரே, நெவர்தெலெஸ்! அந்த மனுசர் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து மறுநாள் நல்ல பாலாகக் கொண்டுவந்தார்.

"அதுக்கு அர்த்தம் தெரியுமாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டுறதுதான?"

"இல்லம்மா. முன்னாடி சொன்னது எல்லாம் சரிதான், இருந்தாலும் பரவாயில்லன்னு சொல்லி, வேற பக்கம் திருப்புறது. 'மழ பெய்யிது, நெவர்தெலெஸ் அவன் போனான்.' அந்த மாதிரி."

அம்மா ஏலக்காய் பொறுக்குவதை நிறுத்தினாள். "அப்ப அது நல்ல வார்த்தடி" என்றாள். "நான் பால்காரர வஞ்சுபுட்டேனே."

சித்திரை வெயிலில் கல்லூரிக் கடிதம் வந்தது. இந்தத் தேதிக்கு வா என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று சாயங்காலம் அம்மா வாசித்ததில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. 'எஃப்' வருகிற இடமெல்லாம் 'ப' என்று வந்தது. "ஃபார்மரா பார்மரா? இப்படி வாசிச்சா நான் எங்கிட்டு உருப்படுறது? நான் தேவாரத்துக்கே போயி மாடு மேய்க்கிறேன்!" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்தேன். ஈர விறகு, அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அம்மா ஊதாங்குழலை வைத்து ஊதுவதும், குழலை எடுத்துவிட்டு அதே வாயோடு, "ஃ... ஃபார்மர்... ஃ... ஃபாதர்" என்று சொல்லிப் பார்ப்பதுமாக இருந்தாள். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன். அந்த நிமிசம் அவள் மேல் வந்த பிரியம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கரெக்டா வருதும்மா" என்றேன். "வருதுல்ல?" என்று குழந்தை மாதிரி சந்தோசப்பட்டாள்.

மதுரைக்கு அப்பாவும் நானும் ரயிலில் போனோம். அம்மா திருநீறு பூசிவிட்டாள். அப்பா கஞ்சி போட்ட சட்டையில் இருந்தார். எத்தனை தடவை துவைத்தாலும் அந்தச் சட்டையிலிருந்து ஏலக்காய் போகாது. கல்லூரி வராந்தாவில் மதுரைப் பெண்கள் தங்களுக்குள்ளேயே இங்கிலீசில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவை ஒட்டி நின்றுகொண்டேன். அப்பா என் பக்கம் குனிந்து, "பொட்டு வச்ச பானாவ மறந்துறாத" என்றார்.

உள்ளே தலை நரைத்த வெள்ளைக்கார அம்மா இருந்தார். அவர்தான் தலைவி. பக்கத்தில் ஒரு தமிழ் டீச்சரம்மா. என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தலைவியம்மா வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி காதுக்குப் பக்கத்தில் காற்று மாதிரி போய்விட்டது. இழுப்பு இல்லை, மூச்சு விடுகிற இடம் இல்லை, எதுவும் அம்மா மாதிரி இல்லை. அவ்வளவுதான், ஆவணியில் கல்யாணம் என்று நினைத்தேன்.

பத்தியை இரண்டாம் தடவையும் வாசிப்பது வழக்கம். அப்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல, அதையே அம்மாவின் குரலில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். என்ன ஆச்சரியம், ஒவ்வொரு சொல்லாக வந்து உட்கார்ந்தது. இஸ்டேட் என்பது வெறும் மண்ணும் கட்டடமும் இல்லை. அதில் இருக்கிற சனங்கள்தான் இஸ்டேட். அதை நடத்துகிறவர்கள் சனங்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் மருந்தும் கொடுக்க வேண்டும். நல்ல இஸ்டேட்டில் எளியவர் சொல்லும் எடுபடும். இப்படிப் போனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். இது நம்ம சோலி அல்லவா! நான் பிறந்ததிலிருந்து காதில் விழுகிற விசயமல்லவா!

கேள்வி வந்தது. இஸ்டேட் என்பது யாரால் ஆனது?

"காய் பறிக்கிற பெண்கள், களை எடுக்கிறவர்கள், கங்காணி, ஜீப்பு டிரைவர்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மூச்சுவிடாமல் சொன்னேன்.

தலைவியம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அதை நடத்துகிறவர்களின் கடமை என்ன?

"மழைக்கு முன்னால் கம்பளி கொடுக்க வேண்டும். வேலையாட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகினால் மாற்ற வேண்டும். காய்ச்சல் வந்தால் போடிக்குக் கொண்டுவர ஜீப்பு கொடுக்க வேண்டும்."

ஏன் ஒருவன் மட்டும் அதை ஆளக் கூடாது?

"அவன் பங்களாவில் இருக்கிறான் மேடம். எங்கே ஒழுகுகிறது என்று அவனுக்குத் தெரியாது."

தமிழ் டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தலைவியம்மா மெதுவாக, இதையெல்லாம் நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டார். "போடிமெட்டில் நிறைய இருக்கிறது மேடம். என் அப்பா வாராவாரம் போகிறார்" என்றேன்.

டீச்சரம்மாவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டு, உடனே பரிதாபப்பட்டு, தமிழில் சொன்னார். "அவங்க வாசிச்சது எஸ்டேட் இல்லம்மா. ஸ்டேட். அரசாங்கம். முன்னால 'எ' கிடையாது."

முதலில் வந்தது கோபம்தான். அம்மா, உன் நாக்கை என்ன செய்ய! கூடவே ஊதாங்குழலும் அந்தச் சிவந்த கண்ணும் ஞாபகம் வந்தது. அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லையே என்று அதற்கு வேறு அழுகை வந்தது. குனிந்துகொண்டேன். தலைவியம்மா டீச்சரம்மாவிடம் வேகமாக என்னவோ பேசிக்கொண்டே போனார். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. வெறும் சத்தம். சரி, முடிந்தது, எழுந்து போகச் சொல்லப் போகிறார்கள் என்று தாவணி முனையைக் கையில் சுருட்டினேன்.

அப்போது அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சொல் தெளிவாகக் கேட்டது.

"நெவர்தெலெஸ்."

நான் நிமிர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் பேசினார், அதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் என்ன சொல்லியிருந்தாலும் இனிமேல் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சரம்மா தமிழில் சொல்லுமுன்பே எனக்குக் கண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

"ஒரே ஒரு சொல்லத்தான் தப்பாக் கேட்டிருக்கே, மத்தது ஒண்ணும் விடலன்னு சொல்றாங்க" என்றார் டீச்சரம்மா. "நீ சொன்ன பதில் அரசாங்கத்துக்கும் பொருந்துமாம். ஜூன்ல வந்து சேரு. ஏம்மா, எடம் கெடச்சதுக்கா அழுற?"

சாயங்கால ரயிலில் போடி வந்து இறங்கினோம். அம்மா ஸ்டேசனுக்கே வந்திருந்தாள். அப்பா தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். அதிலேயே அவளுக்கு விசயம் தெரிந்துவிட்டது. கிட்டே வந்து என் முகத்தைத் தடவினாள். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பயந்து பயந்து கேட்டாள்.

"ஏந்தாயி, அந்தம்மா பேசுனது நான் வாசிக்கிற மாதிரி இருந்துச்சா? இல்ல, நான் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா?"

அப்பா என்னைப் பார்த்தார். இஸ்டேட்டுக் கதையை ரயிலிலேயே அவரிடம் சொல்லி, இரண்டு பேரும் சிரித்து முடித்திருந்தோம். அம்மாவிடமும் அதைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை என்று தோன்றியது.

"கடைசியில அவங்க பேசுனதுல எனக்கு வெளங்குனது ஒத்த வார்த்ததாம்மா" என்றேன். "அது அப்படியே நீ சொல்ற மாதிரியே இருந்துச்சு."

"என்ன வார்த்த?"

சொன்னேன்.

அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நான் அன்னைக்கே சொன்னேங்க, அது நல்ல வார்த்தன்னு" என்றாள்.